நைட்ரஜனும் ஒரு நாள் பேரும்

2021 அக்டோபர் இறுதியில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு கூடியது. அதையொட்டி நைட்ரஜனைப் பற்றிய தனி அமர்வொன்றை இலங்கை நடத்தியது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதில் பேசினார். இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது இலங்கையின் துணிச்சலான முடிவாக உலகத்தின் முன் வைக்கப்பட்டது. அதே நாட்களில் நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பக்கம், இராகலையிலும் ஹல்கரனோயாவிலும் உடப்புசல்லாவையிலும், பசளைத் தட்டுப்பாட்டில் தவித்த தேயிலை மலைகளில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிராமத்து வயல்களில் பெரும்போகம் தொடங்கும் காலம். விவசாயிகள் யூரியா கேட்டு நாடெங்கும் வீதியில் நின்றார்கள்.

கிளாஸ்கோவில் பேசப்பட்ட நைட்ரஜன் அறிவு பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் பிறந்தது. அதன் பேரால் எடுத்த முடிவு தவறென்று முதலில் சொன்னவர்களும் பல்கலைக்கழகத்தார்தான். இரு பக்கத்தாரிடமும் கணக்குகள் இருந்தன: விளைச்சல், அந்நியச் செலாவணி, நிலத்தடி நீர், காலநிலை. மலையில் கூடை சுமந்தவளின் நாட்கூலி அந்த விவாதத்துக்குள் வரவில்லை. பசளைத் தடையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வலப்பனையிலிருந்து பார்த்தால் எழுதாமல் விட்ட பக்கம் இதுதான்.

வலப்பனை, நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்து மலைகளிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வடகீழ் மழைதான் பெருமழை. 2007 ஜனவரியில் இங்கும் பக்கத்து ஹங்குரன்கெத்தையிலும் மண்சரிந்து உயிர்களைக் கொண்டுபோனதும் அந்த மழைக்காலத்தில்தான். உயரத்தில் தேயிலை, அதை அடுத்து மரக்கறியும் உருளைக்கிழங்கும், அதற்கும் கீழே சிங்களக் கிராமங்களின் படிவயல்கள். குருந்து ஓயா போன்ற ஆறுகள் இந்தச் சரிவின் தண்ணீரை மகாவலியில் சேர்க்கின்றன. மகாவலி மலையை விட்டு இறங்கியதும் உலர் வலயம் தொடங்கிவிடுகிறது. மேலே போட்ட பசளை கீழே யாருடைய குடிநீரில் கரைகிறது என்ற கேள்வியை இந்த நிலத்தின் அமைப்பே எழுப்பிவிடுகிறது. ஆகவே நைட்ரஜன் விவாதத்தை வெளியிலிருந்து வந்த வீண்பேச்சென்று வலப்பனையில் யாரும் தள்ளிவிட முடியாது.

அந்த விவாதத்தின் உலகப் பின்னணி இது. காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் ஹாபர்-பொஷ் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவானது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு அந்த முறையில் செய்த பசளையைச் சார்ந்திருக்கிறது. பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் ஆற்றிலும் கடலிலும் நைத்திரேற்றாகச் சேர்கிறது. காற்றில் நைட்ரஸ் ஒக்சைட்டாக ஏறுகிறது. அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2009இல் யொஹான் ரொக்ஸ்ட்ரோமும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் பூமி தாங்கக்கூடிய எல்லைகளைக் கணக்கிட்டபோது, மனிதர் ஏற்கெனவே தாண்டிவிட்டதாகச் சொன்ன எல்லைகளில் நைட்ரஜனும் ஒன்று.

2019 அக்டோபரில் பல நாடுகளின் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி நைட்ரஜன் பற்றிய கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். ஐ.நா. சுற்றாடல் திட்டமும் மார்க் சட்டன் போன்ற நைட்ரஜன் அறிஞர்களும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். 2030க்குள் நைட்ரஜன் வீணாவதைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அப்படிக் குறைத்தால் உலகம் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் மிச்சம் பிடிக்கும் என்றும் சொன்னார்கள். குறைக்கச் சொன்னது வீணாவதை. பசளையையே கைவிடும்படி பிரகடனம் கேட்கவில்லை. அளவறிந்து, காலமறிந்து, மண்ணைச் சோதித்துப் போடு என்பதே அந்த அறிவியலின் சாரம். ஏறக்குறைய பதினெட்டு மாதங்களில் அதே கொழும்பில் முழுத்தடை வந்துவிட்டது.

பசளை அளவு மீறிப் போனது பொய்யில்லை. நுவரெலியா மாவட்டத்தின் மரக்கறி, உருளைக்கிழங்கு நிலங்களில் பரிந்துரைக்கு மேல் பசளையும் பூச்சிநாசினியும் கொட்டப்படுவதை விவசாய விஞ்ஞானிகள் நெடுங்காலமாகவே எழுதிவந்திருக்கிறார்கள். சரிவான நிலம், அடிக்கடி மழை, மலிவு விலைப் பசளை மூன்றும் சேர்ந்தால் மண்ணில் தங்குவதைவிட ஓடுவது அதிகம். அதைத் திருத்துவதற்குத் தேவையானது மண் பரிசோதனையும், ஊருக்கு ஊர் விவசாயப் போதனாசிரியரும், பல ஆண்டுப் பொறுமையும்.

பொறுமையைக் குலைத்தது சிறுநீரக நோய். 1990களில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் காரணம் தெரியாத நீடித்த சிறுநீரக நோய் விவசாயிகளை வீழ்த்தத் தொடங்கியது. மகாவலியின் கீழ்ப்பகுதியில், வலப்பனைத் தண்ணீரும் போய்ச் சேரும் பக்கத்தில், கிராந்துருகோட்டையும் நோயின் மையங்களில் ஒன்றானது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜே. எம். ஆர். எஸ். பண்டாரவும் சகாக்களும் 2008இல் பசளையோடு வரும் கட்மியத்தைச் சந்தேகித்தார்கள். அதே பேராதனையின் புவிச்சரிதவியல் விஞ்ஞானிகள் நிலத்தடி நீரின் புளோரைட்டையும் கடினத்தையும் ஆராய்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த ஆய்வு 2013இல் வெளியானது. 2014இல் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன, கிளைபோசேட் என்ற களைநாசினி கடின நீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்ற கருதுகோளை முன்வைத்தார். நான் இங்கே கருதுகோள் என்றே எழுதுகிறேன். அந்தக் கட்டுரையும் அப்படித்தான் சொன்னது.

எதிர்க்கேள்வி பலமானது. தேயிலை நாட்டில் களைநாசினியும் பசளையும் பல பத்தாண்டுகளாகப் புழங்குகின்றன. அப்படியிருக்க, இந்த நோய் மலைத்தோட்டங்களை விட்டு உலர் வலயத்தில் ஏன் குவிந்தது? களைநாசினியைக் குற்றவாளியாக்க மறுத்த விஞ்ஞானிகள் கேட்டது இதை. விடை கிடைப்பதற்குள் அரசு முந்திக்கொண்டது. 2015இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில் கிளைபோசேட் தடை வந்தது. 2019இல் ஜயசுமனவுக்கும் அவருடைய சக ஆய்வாளர் சரத் குணதிலகவுக்கும் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் விஞ்ஞான சுதந்திரத்துக்கான விருதை அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. விஞ்ஞான உலகமே முடிவுக்கு வராத ஒரு விடயத்தில் ஒரு நாட்டின் சட்டம் முடிவுக்கு வந்துவிட்டிருந்தது.

தோட்டத்தில் அந்தச் சட்டம் எப்படி இறங்கியது? களைநாசினி அடிக்க முடியாத மலையில் புல் இடுப்புக்கு வந்தது. அட்டையும் பாம்பும் குளவியும் கொழுந்து பறிப்பவருக்குப் புதிய துன்பங்களல்ல. புல் வளர்ந்த மலையில் கால் வைக்கும் இடமே தெரியாது என்பதுதான் வித்தியாசம். சில மலைகளில் புல் செதுக்கும் சுரண்டி திரும்பி வந்தது. சரிவில் சுரண்டி போட்டால் மேல்மண் பெயர்ந்து ஓடும் என்று தேயிலை ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. மாற்றாகத் தெளித்த எம்சிபிஏ என்ற மருந்தின் எச்சம் ஜப்பானின் கடுமையான அளவோடு மோதியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. மூன்று ஆண்டுகளில் ஏற்றுமதி எவ்வளவு நட்டப்பட்டது என்று தோட்டக் கம்பனிகள் கணக்குச் சொன்னன. புல்லுக்குள் நின்று கொழுந்து பறித்த நாளில் எத்தனை கிலோ குறைந்தது என்று தொழிலாளியிடம் யார் கேட்டார்கள்? அந்த அனுபவத்தை அப்போதே முறையாக அளந்து வைத்திருந்தால் 2021இல் அது ஒரு பெரிய சாட்சியாக நின்றிருக்கும்.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் கொள்கைப் பிரகடனம் சேதனப் பசளைக்கு மாறப் பத்து ஆண்டுகள் குறித்திருந்தது. பத்து ஆண்டு என்பது விவாதிக்கத்தக்க, நேர்மையான காலம். 2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அதை ஒரே நாளாகச் சுருக்கியது. கோவிட் காலத்தில் டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும், பசளை இறக்குமதிக்குப் போகும் பல நூறு மில்லியன் டொலரை மிச்சம் பிடிக்கும் ஆசையும் அந்த அவசரத்தின் பின்னால் இருந்தன என்பதே என் கணிப்பு. வெளியே சொல்லப்பட்ட காரணம் மக்கள் ஆரோக்கியம்.

பேராதனை விவசாய பீடத்தின் களை விஞ்ஞானப் பேராசிரியர் புத்தி மாரம்பே தொடக்கத்திலிருந்தே பகிரங்கமாக எச்சரித்தார். விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள். இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் ஜனாதிபதிக்கு எழுதியது: இரசாயனப் பசளை இல்லாவிட்டால் நெல் 25 சதவீதம், தேயிலை 35 சதவீதம், தென்னை 30 சதவீதம் குறையக்கூடும். வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2021 நடுவில் விவசாயிகளிடம் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் சேதன விவசாயத்தை வெறுக்கவில்லை. மாறுவதற்குக் காலம் கேட்டார்கள். முழுமையாக மாறுவதற்கான அறிவு தமக்கு உண்டென்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவரே. படித்தவர் எச்சரிக்கையும் உழுபவர் எச்சரிக்கையும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் அரசின் காதில் ஏறவில்லை.

தேயிலையின் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். நெல்லில் மணியை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலுக்குத் திருப்பலாம். தேயிலையில் நாம் எடுப்பதே துளிரை, செடியின் நைட்ரஜன் அதிகம் குவியும் இடத்தை. காய்ந்த கொழுந்தின் எடையில் நான்கு முதல் ஐந்து சதவீதம் நைட்ரஜன். ஒரு ஹெக்டேரில் 1000 கிலோ தேயிலைத்தூள் எடுத்தால், 40 முதல் 50 கிலோ நைட்ரஜன் அந்த மலையை விட்டு வெளியேறிவிடுகிறது. நல்ல கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்றரை சதவீதம் இருந்தால், வெளியேறியதை மட்டும் ஈடுசெய்யவே ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3 தொன் எரு வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். இலங்கையில் தேயிலை நிலம் சுமார் 2 லட்சம் ஹெக்டேர். ஆறு லட்சம் தொன் எரு எங்கிருந்து வரும்? வந்தாலும், ஏணிபோல் நிற்கும் உடப்புசல்லாவை மலைகளில் அதை யார் முதுகில் ஏற்றுவது? ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் நைட்ரஜனுக்கு முப்பது மூட்டை எரு சுமக்க வேண்டும் என்பதைக் கொள்கை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணியிருந்தால் அதைச் சுமக்கப்போகும் ஆளின் கூலியையும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தேயிலை ஆண்டாண்டு நிற்கும் செடி. வேரிலும் தண்டிலும் சேமிப்பு வைத்திருக்கும். பசளை நின்ற மாதமே விளைச்சல் விழாது. 2020இல் வறட்சியாலும் கோவிட்டாலும் 278 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, தடை விழுந்த 2021இல் 299 மில்லியனாக உயர்ந்தே இருந்தது. பேராசிரியர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று சொன்னவர்களுக்கு அந்த எண் வசதியாகிவிட்டது. அக்டோபரில் தேயிலைக்குச் சிறு தளர்வு வந்தது. நவம்பர் இறுதியில் தடை முழுவதும் நீங்கியது. அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை எகிறிவிட்டது, நாட்டில் டொலரும் இல்லை. 2022இல் உற்பத்தி 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. ஓராண்டில் 16 சதவீத வீழ்ச்சி. எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் அதில் பங்கெடுத்தன என்பதால் முழுவதையும் பசளைக் கணக்கில் எழுதக் கூடாது. ஆனாலும் ஏழு மாதத் தடை எவ்வளவு நீளக் கையுடையது என்று அந்த எண் காட்டுகிறது.

இங்கிருந்து தோட்டத்துக்குள் போவோம். கொழுந்து பறிப்பவருக்கு நாள் கணக்கு கிலோவில் நிற்கிறது. நிர்வாகம் குறித்த கிலோவைப் பறித்தால் அன்று ஒரு முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழும். குறைந்தால் அரைப்பேர், அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. அந்த ஆண்டின் இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு நடந்த போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பல தோட்டங்களில் முழுப் பேருக்கான 18 கிலோ 20 ஆகியது, அதற்கு மேலும் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் பசளைத் தடை. கிலோவின் அளவு மேலே போகும்போதே செடியின் துளிர் கீழே போகத் தொடங்கியது.

பசளை இல்லாத செடியில் துளிர் மெலியும், இலை சிறுக்கும், அரும்பு உறங்கிப்போகும். ஏழெட்டு நாளில் திரும்ப வேண்டிய மலைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தே திரும்ப முடியும். அதே மலையில், அதே எட்டு மணி நேரத்தில், அதே விரல்கள் பறித்தாலும் தராசு வேறு எண் காட்டும். 20 கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலேகால் கிலோ தேயிலைத்தூளாகும். உற்பத்தி 16 சதவீதம் குறைந்த நாட்டில் அந்த 20 கிலோவை எட்டும் நாட்கள் எத்தனை குறைந்தன? ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் ஆனது? தேசிய உற்பத்திப் புள்ளிவிபரத்தில் இதற்கு இடமே இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் எழுதப்பட்டிருக்கிறது.

பணத்தின் கணக்கு இன்னும் வலிக்கிறது. 2021இல் தேயிலை ஏற்றுமதி வருமானம் 1.32 பில்லியன் டொலர், 2022இல் 1.26 பில்லியன். ஐந்து சதவீதச் சரிவுதான். ரூபா மதிப்பிழந்ததால் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி ரூபா விலை ஓராண்டில் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஏற்றுமதிப் புள்ளிவிபரத்தை மட்டும் படிப்பவருக்குத் தேயிலைத் தொழில் பெரிய அடியில்லாமல் தப்பியதாகவே தோன்றும். அதே 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. உணவு விலை ஏறக்குறைய 95 சதவீதம் ஏறியிருந்தது. நாட்சம்பளம் அதே 1000 ரூபாவில் நின்றது. 2024 செப்டெம்பரில்தான் 1350 ஆனது. செடி இழந்த நைட்ரஜனுக்கும் ரூபா இழந்த மதிப்புக்கும் சேர்த்து விலை கொடுத்தது, முழுப் பேரே விழாத நாட்களில் அந்த ஆயிரத்தையும் முழுதாகக் காணாத கை. நாட்டின் இழப்பு சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், அதன் பெரும்பங்கு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் இறங்கிவிட்டதுதான் என்று நான் நம்புகிறேன். தோட்டம்தோறும் செக்ரோலைப் பார்த்தால் இந்த நம்பிக்கையைச் சரிபார்க்கலாம். தவறென்றால் அதையும் காட்டலாம்.

நெல் விவசாயிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்போக விளைச்சல் சுமார் 3 மில்லியன் தொன்னிலிருந்து 2 மில்லியனுக்கும் கீழே போனது. 2022 ஜனவரியில் அரசு தன் முடிவால் நேர்ந்த இழப்பை ஏற்று, நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு அறிவித்தது. அது போதுமானதா, சேர்ந்ததா என்பது வேறு விடயம். இழந்தவர் என்ற நிலை அவர்களுக்குக் கிடைத்தது. வலப்பனையின் படிவயல் விவசாயியும் அந்த அறிவிப்புக்குள் வந்தார். அதே மாதத்து நிவாரணப் பொதியில் தோட்டக் குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்டது மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா விலையில். மா தேவைதான், ரொட்டியில்தான் பல வீடுகள் அந்த ஆண்டைக் கடந்தன. ஆனால் ஒரே வர்த்தமானியால், ஒரே மலையின் மேலும் கீழும் வாழ்ந்த இருவர் இழந்தபோது, ஒருவருக்கு ஈடும் மற்றவருக்கு மலிவு மாவும் என்று பிரித்தது எந்த நியாயம்? நிலத்தின் விளைச்சல் குறைந்தவர் இழந்தவராகக் கருதப்பட்டார். உழைப்பின் விளைச்சல் குறைந்தவர் அப்படிக் கருதப்படவில்லை, ஏனென்றால் அதைக் கணக்கிட்டு மேசையில் வைத்தவர் இல்லை.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வுக்குப் பஞ்சம் கிடையாது. ரேச்சல் குரியன் 1982இலேயே சர்வதேச தொழில் நிறுவனத்துக்காகத் தோட்டத்துப் பெண்களின் உழைப்பை ஆராய்ந்தார். பின்னர் குமாரி ஜயவர்தனவோடு சேர்ந்து வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றும் தோட்டத்தில் பின்னிக் கிடப்பதை நூலாக்கினார். மைத்ரி ஜெகதீசனின் 2019ஆம் ஆண்டு நூல் லயத்து வாழ்க்கையையும் பெண்களின் ஆசைகளையும் மிக நெருக்கமாகப் பேசுகிறது. பசளைத் தட்டுப்பாட்டின் நடுவிலேயே, 2021 நவம்பர் இறுதியில், நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா இலங்கைக்கு வந்தார். அவர் ஒரு சட்டப் பேராசிரியர். மலையகத் தமிழரின் கூலி, கடன், லய வாழ்க்கை பற்றி அவருடைய அறிக்கை உலக மன்றத்தில் கடுமையாகப் பேசியது.

ஆக, ஒரு பக்கம் மண்ணையும் செடியையும் அளந்த விஞ்ஞானிகள். மறுபக்கம் கூலியையும் மானத்தையும் எழுதிய சமூகவியலாளர்கள். முன்னவர் கட்டுரைகளில் தொழிலாளி என்பவர் செலவுப் பத்தியில் ஒரு எண். பின்னவர் நூல்களில் நைட்ரஜன் பெரும்பாலும் வருவதில்லை. 2021இல் இரண்டு அறிவும் ஒரே மேசைக்கு வந்திருந்தால், 35 சதவீதம் என்ற எண்ணோடு இன்னொரு எண்ணும் ஜனாதிபதிக்குப் போயிருக்கும்: இத்தனை லட்சம் முழுப் பேர்கள் அரைப்பேர் ஆகும் என்று. அதனால் தடை நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். நட்டஈடு கேட்டபோது தொழிற்சங்கத்தின் கையில் ஒரு தாள் இருந்திருக்கும்.

கணக்கின் வலிமை வலப்பனை வரலாற்றிலேயே இருக்கிறது. 1880களில் நெல்வரி கட்ட முடியாத இந்தப் பிரதேசத்துச் சிங்கள விவசாயிகளின் வயல்களை ஆங்கில அரசு ஏலம் போட்டது. வயலிழந்தவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள், ஊர்விட்டுப் போனார்கள். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் வலப்பனைக் கிராமங்களின் நிலையை விசாரித்து, விற்ற வயல்களையும் வீழ்ந்த குடும்பங்களையும் பதிவாக்கினார். அரசாங்கம் அதை விரும்பவில்லை. ஆனால் நெல்வரியை எதிர்த்த ஜோர்ஜ் வோல் போன்றவர்கள் இந்தச் செய்தியைக் கையிலெடுத்தார்கள். லண்டனில் கொப்டன் கழகம் நெல்வரிக்கெதிராகப் பிரசாரம் செய்தது. வலப்பனை என்ற பெயர் பேரரசின் தலைநகரில் விவாதமானது. 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. வரி தவறென்று வாதிட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். எந்தக் கிராமத்தில் யார் என்ன இழந்தார் என்று எண்ணிக் காட்டியபோதுதான் அந்த வாதத்துக்குப் பலம் வந்தது. அதே காலத்தில் மேலே காடழித்துத் தேயிலை பரவியது. அந்த மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோரின் இழப்புகளைக் கிராமம் கிராமமாக எண்ண ஒரு லெ மெசூரியர் வாய்க்கவில்லை.

இது பழைய கதையாக முடிந்துவிடவில்லை. காலநிலை மாற்றம், காபன் வரி, ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம், பூச்சிமருந்து எச்ச அளவு, மண்சரிவு அபாய வலயம் என்று உலகப் பிரச்சினைகள் அடுத்தடுத்து மலையேறி வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே மிக மோசமாகச் சரிந்தன. மண்சரிவு வலயத்திலிருந்து எழுப்பப்படும் லயத்துக் குடும்பத்துக்கு, வீடு போக, எத்தனை நாள் பேர் போகிறது என்ற கேள்வி இப்போதும் அப்படியே நிற்கிறது. அரச புள்ளிவிபரப்படி 2019இல் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8 சதவீதம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2023இல் லர்ன் ஏசியா நிறுவனம் நடத்திய ஆய்வில் தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேல் வறியவர்கள். இந்த இடைவெளிக்குள் 2021உம் 2022உம் எவ்வளவு சேர்த்தன என்பதைப் பிரித்துக் காட்டுவது பல்கலைக்கழகத்தின் வேலை.

செய்ய முடியாத வேலையில்லை. பேராதனை வலப்பனைக்கு அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகள் அங்கே பொருளியலும் விவசாயமும் சமூகவியலும் படிக்கிறார்கள், சிலர் கற்பிக்கிறார்கள். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும், 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் நூறு ஆண்டு விளைச்சல் அறிவு இருக்கிறது. தோட்டங்களில் செக்ரோல் இருக்கிறது. தொழிலாளரிடம் சம்பளச் சீட்டும் நினைவும் இருக்கின்றன. 2020 தொடக்கம் 2023 வரை, ஒரு தோட்டத்தில் மாதம் எத்தனை பேர் விழுந்தது, கிலோவின் அளவு எப்போது மாறியது, கைக்காசு எவ்வளவு, எத்தனை பேர் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனார்கள் என்பதை நிலையத்தின் அறிவு, செக்ரோல், தொழிலாளரின் சீட்டும் நினைவும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து எழுதலாம். எழுதியதைத் தமிழில், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பவர் கேட்டுத் திருத்தும்படி வாசிக்கவும் வேண்டும். திருத்தம் சொல்லும் தகுதி அவர்களுக்கே முதலில் உண்டு.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: 2021, 2022ஆம் ஆண்டுச் செக்ரோல் புத்தகங்கள் ஈரத்துக்கும் கரையானுக்கும் போவதற்கு முன், அவற்றைப் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் வலப்பனையில் ஒரு தோட்டத்தின் கணக்கை எடுங்கள்.